வாடிக்கையாளர் இணையதளங்களில் நகல் உள்ளடக்கத்தைத் தவிர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கிலும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனை பக்கத்திலும், ஏலக்காய்க் கடைகள் முதல் ஹோம்ஸ்டேக்கள் வரை எல்லோருக்கும் இப்போது சொந்தமாக ஓர் இணையதளம் தேவைப்படுகிறது. அவற்றை எழுதித் தருபவர்களும் வடிவமைப்பவர்களும் பெரும்பாலும் இந்த வட்டாரத்து இளைஞர்கள்தான். அவர்கள் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கூடலூர் என்று வருமிடங்களில் தேனி மாவட்டத்துக் கூடலூரையே குறிப்பிடுகிறேன்.

நகல் உள்ளடக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே உரை, அல்லது ஏறத்தாழ ஒரே உரை, ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளில் கிடைத்தால் அது நகல் உள்ளடக்கம். அந்த முகவரிகள் ஒரே தளத்துக்குள் இருக்கலாம். வெவ்வேறு ஆட்களின் தளங்களிலும் இருக்கலாம். முதல் வகை பெரும்பாலும் தளத்தின் அமைப்பில் ஏற்படும் குறை. இரண்டாவது வகை எழுதுகிறவரின் பொறுப்பு. கடை முகவரி, பணம் திருப்பித் தரும் விதிமுறை, மேற்கோள் காட்டிய இரண்டு வரி ஆகியவை பல பக்கங்களில் திரும்ப வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இணையத்தில் உள்ள உள்ளடக்கத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை நகலாகவே இருக்கிறது என்று, அப்போது கூகுளில் இருந்த மேட் கட்ஸ் 2013-இல் சொன்னார். தேடுபொறிகள் நகலுக்குப் பழகியவை.

நகல் இருந்தால் கூகுள் தண்டிக்குமா?

பொதுவாகத் தண்டிக்காது. "நகல் உள்ளடக்கத் தண்டனை" என்று தனியாக ஒன்று கிடையாது என்பதைக் கூகுள் 2008-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஏமாற்றும் நோக்கத்தோடு பிறர் தளங்களை மொத்தமாக உருவி எடுத்து வைத்திருப்பவர்கள் மீதுதான் நடவடிக்கை பாயும்.

அதனால் அலட்சியமாக இருக்கலாம் என்று பொருளில்லை. ஒரே மாதிரியான பக்கங்களைத் தேடுபொறி ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. மற்றவை பட்டியலுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. உங்கள் வாடிக்கையாளரின் பக்கம் இன்னொரு கடையின் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், மறைக்கப்படுவது பெரும்பாலும் உங்கள் வாடிக்கையாளரின் பக்கமாகத்தான் இருக்கும். எந்த எச்சரிக்கைக் கடிதமும் வராது, தளத்தில் எந்தப் பிழையும் தெரியாது, ஆனால் தேடி வருகிறவரும் இருக்கமாட்டார். பணம் கொடுத்துத் தளம் அமைத்தவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்பதால்தான் இந்த விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"அந்தக் கடை சைட்டில் இருப்பதை எடுத்துக் கொஞ்சம் மாற்றிப் போடு" என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வது?

இந்தத் தொழிலில் அடிக்கடி வரும் வேண்டுகோள் இதுதான். மென்மையாக மறுத்துவிட வேண்டும்; மறுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சொல்லை மாற்றுவதால் நகல் நகலாக இல்லாமல் போவதில்லை. ஓர் ஆவணத்தைத் தொடர்ச்சியான சிறு சொற்கூட்டங்களாக வெட்டி, இரண்டு ஆவணங்களுக்கும் பொதுவான கூட்டங்கள் எத்தனை என்று பார்த்து ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் முறையைக் கணினி அறிவியலாளர் ஆந்த்ரே ப்ரோடர் 1997-இல் வெளியிட்டார். 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, 800 கோடிப் பக்கங்களுக்கு இடையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவற்றை, பக்கத்தின் உரையைச் சுருக்கிக் குறிக்கும் 64 பிட் எண்களான கைரேகைகளைக் கொண்டு பிரித்தறிய முடியும் என்று காட்டியது. "சிறந்த" என்பதை "உயர்ந்த" என்றும், "மணம்" என்பதை "நறுமணம்" என்றும் மாற்றுவது இவற்றின் முன் நிற்காது. எல்லாச் சொல்லையும் மாற்றி எழுதிவிட்டாலும்கூட, அந்தப் பக்கத்தில் புதிய செய்தி ஒன்றும் இல்லையென்றால் வாசகர் அதை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இரண்டாவது, அந்தக் கடையின் உரைக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இணையதள உரைக்கும் பொருந்தும்.

மறுத்தால் மட்டும் போதாது; மாற்று வழியையும் காட்ட வேண்டும். ஏலக்காய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்துக் கடைகளின் தளங்களில் பொதுவாகக் காணப்படும் பத்தி இப்படி இருக்கும்: "மசாலாக்களின் ராணி என்று அழைக்கப்படும் ஏலக்காய் மணமும் மருத்துவக் குணமும் நிறைந்தது. எங்களிடம் தரமான ஏலக்காய் நியாயமான விலையில் கிடைக்கும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கடையின் பெயரை எடுத்துவிட்டால் இந்தப் பத்தி யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்போது கடைக்காரரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "அண்ணே, காயை போடி ஏலத்துல எடுக்குறீங்களா, புற்றடியிலயா, இல்ல தோட்டத்துலயே நேரா எடுக்குறீங்களா? நிறம் மங்காம இருக்க எப்படி வச்சிருக்கீங்க? வாங்கிட்டுப் போனவங்க திரும்பப் போன் பண்ணா என்ன கேக்குறாங்க?" அவர் சொல்வதை வைத்து எழுதினால் பத்தி இப்படி மாறும்: "வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களில் பறித்த காயை எங்கள் ஸ்டோரிலேயே உலர்த்துகிறோம். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய் மட்டுமே இந்தப் பையில் இருக்கும். வாய் திறந்த காயைத் தனியே பிரித்து அரைப்புக்கு அனுப்பிவிடுகிறோம். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும் என்பதால் கருப்பு பாலிதீன் பையில் கட்டி அனுப்புகிறோம். வீட்டிலும் இருட்டான டப்பாவில் வையுங்கள்." இந்தப் பத்தியை இன்னொரு கடை திருடினால்கூட அங்கே பொருந்தாது. நகலைத் தவிர்க்க நான் அறிந்த வழிகளில் உறுதியானது இதுதான்: வாடிக்கையாளருக்கு மட்டும் தெரிந்ததை அவரிடமிருந்து வாங்கி எழுதுவது. அரை மணி நேரப் பேச்சு போதும். அந்தப் பேச்சுக்கான நேரத்தையும் சேர்த்தே கூலியைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பல பக்கங்கள் போடலாமா?

கூடாது. கம்பத்தில் ஜீப் வாடகை, கூடலூரில் ஜீப் வாடகை, குமுளியில் ஜீப் வாடகை என்று ஊருக்கொரு பக்கம் திறந்து, உள்ளே ஒரே உரையை வைப்பதைக் கூகுள் தன் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் வேலைகள்) கொள்கைகளில் வாசல் பக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. மேலே சொன்ன சாதாரண நகலைப் போல இதை எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு நடவடிக்கை உண்டு.

ஊருக்கு ஊர் உண்மையிலேயே செய்தி மாறுகிறது என்றால் தனிப் பக்கம் நியாயமானது. போடியிலிருந்து மூணாறு போகிறவர் போடிமெட்டு வழியாக ஏறுகிறார். கம்பத்திலிருந்து நெடுங்கண்டம் போகிறவர் கம்பம்மெட்டு வழியாகப் போகிறார். கூடலூர்க்காரர் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறுகிறார். பாதை வேறு, வாடகை வேறு, இரவில் ஏறலாமா என்பதற்கான பதிலும் வேறு. தமிழ்நாட்டுப் பதிவு வண்டி எல்லை தாண்டுவதற்கு என்ன பர்மிட் வைத்திருக்கிறீர்கள் என்பதும் பயணி கேட்கும் கேள்விதான். இவற்றை எழுத உங்களிடம் செய்தி இருந்தால் மூன்று பக்கம் போடுங்கள். இல்லையென்றால் ஒரே பக்கத்தில் எந்தெந்த ஊர்களுக்கு வண்டி வரும் என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஒரே விஷயத்தைப் போட்டால் அது நகலா?

நகல் அல்ல. எல்லைப் பகுதியில் தொழில் செய்பவருக்கு மூன்று மொழியும் தேவைதான். முழுமையாக மொழிபெயர்த்த பக்கங்களைத் தேடுபொறி தனித்தனிப் பக்கங்களாகவே பார்க்கிறது. ஆனால் மெனுவையும் அடிக்குறிப்பையும் மட்டும் மலையாளத்தில் மாற்றிவிட்டு, நடுவில் உள்ள முக்கிய உரையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால் அந்தப் பக்கம் நகலாகவே எண்ணப்படும். நம் பகுதித் தளங்களில் இந்தக் குறையைப் பலமுறை பார்க்கலாம்.

மூன்று மொழிப் பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுவதற்கு ஹெச்ரெஃப்லாங் என்ற குறிப்பு இருக்கிறது. தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தைச் சுட்டினால், மலையாளப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திரும்பச் சுட்ட வேண்டும். ஒருவழியாகச் சுட்டினால் அந்தக் குறிப்பு மதிக்கப்படாமல் போகலாம். ஓர் உரைக்கு மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரிக்குக் கனோனிகல் குறிப்பு என்று பெயர்; ஒவ்வொரு மொழிப் பக்கத்தின் கனோனிகல் குறிப்பும் அந்தந்தப் பக்கத்தையே காட்ட வேண்டும். மூன்றையும் ஆங்கிலப் பக்கத்துக்கே கனோனிகல் கொடுத்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் தேடலில் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஏற்றாதீர்கள். குமுளிக்காரர் படித்தவுடன் அது அவர் பேசும் மலையாளம் இல்லை என்பதைக் கண்டுகொள்வார். மலையாளம் பேசும் ஒருவரை ஒருமுறை வாசிக்கச் செய்வது நம் ஊரில் கடினமான காரியம் அல்ல.

ஒரே தளத்துக்குள் நகல் எப்படி உண்டாகிறது?

எழுதுகிறவருக்குத் தெரியாமலேயே உண்டாகிறது. பாதுகாப்புள்ள முகவரி, பாதுகாப்பு இல்லாத முகவரி, முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று முகப்புப் பக்கம் மட்டுமே நான்கு முகவரிகளில் திறக்கலாம். இவற்றில் ஒன்றை முடிவு செய்து, மற்ற மூன்றையும் 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பி அனுப்பும் அமைப்பு) மூலம் அதற்கே அனுப்புங்கள். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் பகிரும்போது முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வால்கள் ஒவ்வொன்றும் புதிய முகவரிதான். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரே கட்டுரைக்குப் பத்து டேக் (குறிச்சொல்) கொடுத்தால், அந்த ஒரு கட்டுரையை மட்டும் காட்டும் பத்துப் பட்டியல் பக்கங்கள் தாமாகவே முளைக்கும். தேவையில்லாத டேக்குகளை நீக்கிவிடுங்கள்.

கடைத் தளங்களில் அளவும் எடையும் தொல்லை தரும். 7 மில்லிமீட்டர் காய், 8 மில்லிமீட்டர் காய், ஒவ்வொன்றிலும் 100, 250, 500 கிராம் என்று ஆறு பக்கம் திறந்து, ஆறிலும் ஒரே விளக்கத்தை ஒட்டுகிறார்கள். எடை என்பது ஒரே பக்கத்தில் தேர்ந்தெடுக்க வேண்டிய விருப்பம். காயின் பருமன் மாறும்போது விலையும் பயன்பாடும் மாறுவதால் பருமனுக்கு ஒன்றாக இரண்டு பக்கம் வைக்கலாம்; அந்த இரண்டிலும் விளக்கம் உண்மையாகவே வேறாக இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான கருவி கனோனிகல் குறிப்பு. "இந்த உரைக்கு மூல முகவரி இதுதான்" என்று தேடுபொறிக்குச் சொல்லும் இந்த ஒற்றை வரியை கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தின. நகல் பக்கங்களை, எதைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அடைத்துவைப்பது இதற்கு மாற்றாகாது. அடைத்த பக்கத்தைத் தேடுபொறி திறந்து பார்க்க முடியாது என்பதால் அதில் உள்ள கனோனிகல் வரியையும் அது படிக்காது. முகவரி வால்களைக் கையாள, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் முன்பு இருந்த கருவியை 2022-இல் கூகுள் நீக்கிவிட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஒப்புதலுக்காகச் சோதனை முகவரியில் தளத்தை ஏற்றிக் காட்டுகிறோம்; உண்மையான தளம் வந்த பிறகும் அந்தச் சோதனைத் தளம் திறந்தபடியே கிடக்கிறது. முழுத் தளமும் இரண்டாக நிற்கும் நிலை இது. சோதனைத் தளத்துக்குத் தொடக்கத்திலேயே கடவுச்சொல் போடுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கனோனிகல் கொடுத்தும் கூகுள் வேறு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறதே?

கனோனிகல் என்பது ஒரு வலுவான குறிப்பு, கட்டளை அல்ல. சர்ச் கன்சோலில் முகவரியைச் சோதித்தால், நீங்கள் அறிவித்த கனோனிகலும் கூகுள் தேர்ந்தெடுத்த கனோனிகலும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் உங்கள் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். கனோனிகல் ஒரு முகவரியைச் சொல்லும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு இன்னொன்றைச் சொல்லும், மெனு இணைப்பு மூன்றாவதைச் சொல்லும். எல்லா இடத்திலும் ஒரே முகவரியை எழுதிவிட்டுச் சில வாரம் பொறுத்திருங்கள்.

ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் இரண்டு பேருக்கு நானே எழுதுகிறேன். என்ன கவனம் தேவை?

குமுளியில் இரண்டு ஹோம்ஸ்டேகளுக்கு எழுதுகிறீர்கள் என்றால், இரண்டிலும் தேக்கடி படகு, பெரியாறு புலிகள் காப்பகம், மங்கலதேவி கண்ணகி கோயில் ஆகியவை வரத்தான் செய்யும். சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் கோயிலுக்குப் போக அனுமதி என்ற செய்தி இரண்டு தளத்திலும் இருப்பது தவறில்லை. செய்தி பொதுச்சொத்து, அதைச் சொல்லும் வாக்கியம் அப்படியல்ல. ஆனால் சுற்றுலா இடங்களைப் பற்றிய நீண்ட விளக்கமே இரண்டு தளங்களிலும் பாதிப் பக்கத்தை நிரப்புகிறது என்றால், தங்கும் விடுதியைப் பற்றிச் சொல்ல உங்களிடம் சரக்கில்லை என்று பொருள். முதல் வீட்டின் மாடியிலிருந்து தோட்டம் தெரியுமா, இரண்டாவது வீட்டில் சமையலறையை விருந்தினர் பயன்படுத்தலாமா, படகுத் துறைக்கு நடந்து போகலாமா, வயதானவர்கள் ஏறப் படி அதிகமா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். ஒருவருக்கு எழுதிய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு எழுதும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். போட்டியாளருக்கும் எழுதுகிறோம் என்பதை இரு தரப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவதே முறை.

ஹோட்டல் முன்பதிவுத் தளங்களிலும் இதே விளக்கத்தைக் கொடுக்கலாமா?

கொடுத்தால், பெயரைத் தேடும்போது அந்தப் பெரிய தளம் முன்னால் வரவும் உங்கள் வாடிக்கையாளரின் தளம் பின்தங்கவும் வாய்ப்பு அதிகம். முன்பதிவுத் தளத்துக்குச் சுருக்கமான தனி விளக்கம் எழுதிக் கொடுங்கள். முழு விவரத்தைச் சொந்தத் தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை வேறொரு தளம் மறுபிரசுரம் செய்வதானால், அவர்களுடைய பிரதியைத் தேடலில் சேர்க்க வேண்டாம் என்ற நோஇண்டெக்ஸ் குறிப்போடு போடச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மறுபிரசுரத்துக்குக் கனோனிகலை நம்ப வேண்டாம் என்று கூகுள் 2023-இல் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தால் நகல் இருக்காதுதானே?

சொல்லுக்குச் சொல் நகல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் "தேக்கடி ஹோம்ஸ்டே பற்றி எழுது" என்று பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் பசுமை, அமைதி, மறக்க முடியாத அனுபவம் என்ற அதே சாரம்தான் வரும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. தேடலில் இடம் பிடிப்பதற்காகப் பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் ஸ்பேம் கொள்கையில் சேர்த்தது. அப்பக்கங்களை எழுதியவர் மனிதரா இயந்திரமா என்ற வேறுபாட்டை அந்தக் கொள்கை பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய செய்திகளை ஒழுங்குபடுத்த அதன் உதவியை நாடலாம். செய்தியையே அதனிடம் கேட்கக் கூடாது.

தமிழ் உரையில் நகலை எப்படிச் சோதிப்பது?

பத்தியில் தனித்தன்மை உள்ள ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுவதே எளிய முதற்படி. காப்பிஸ்கேப் போன்ற கட்டணக் கருவிகள் பிற தளங்களோடு ஒப்பிடும். சைட்லைனர் ஒரு தளத்துக்குள்ளேயே திரும்ப வருவதைக் காட்டும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "கொ" என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளில் "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டிருப்பார்கள். கணினி இவற்றை வேறு வேறு சொற்களாக எண்ணினால் நகல் இருந்தும் இல்லை என்று விடை வரும். ஆகவே தமிழ் உரையைச் சோதிக்கும்போது ஒரே பத்தியிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள். கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி வேலையை ஒப்படைக்காதீர்கள்.

நாம் எழுதியதை மற்றொருவர் எடுத்துப் போட்டுவிட்டால்?

முதலில் அந்தப் பக்கத்தின் படத்தையும் தேதியையும் சேமித்து வையுங்கள். உங்கள் பக்கம், இணையப் பக்கங்களின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பதிவாகியிருந்தால் முன்பே இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆகவே புதிய தளம் வெளியானவுடன் முக்கியப் பக்கங்களை அங்கே நாமே பதிந்துவைப்பது நல்லது. அடுத்து எடுத்தவருக்கு மரியாதையாக எழுதுங்கள். சிறிய ஊர்களில் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால், பதிப்புரிமை மீறலுக்காகத் தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி கூகுளின் படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அந்த உரைக்கு உரிமையாளர் யார்? சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் தனியாகத் தொழில் செய்பவர் கூலிக்கு எழுதிய உரையின் பதிப்புரிமை, எழுத்துமூலமாக மாற்றித் தரும் வரை எழுதியவரிடமே இருக்கும். மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வளைகுடாவில் ஏலக்காய் விற்கும் வாடிக்கையாளருக்கு இந்தியா மட்டும் என்பது போதாது. எனவே கடைசித் தவணைப் பணம் வந்ததும் முழு உரிமையும் உலக அளவில், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வாடிக்கையாளருக்குச் சேரும் என்ற ஒரு வாக்கியத்தை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.